யூரியா சாக்கோடு அரபிக் கடலோரம்: ஓமன் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: காங்கயம், கோவை, மஸ்கட்

தை அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் வீட்டை விட்டுக் கிளம்புவதில் அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. அப்பா காலமானதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பவானி கூடுதுறைக்குப் போய்த் திதி கொடுத்து வருகிறேன். இந்த முறை தம்பி அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான், "சரி கண்ணு, போறதுதான் போற, அன்னைக்காவது கடல்ல ஒரு முழுக்குப் போடு" என்று விடை கொடுத்தார்.

மஸ்கட்டில் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் என் மச்சினனின் நெடுநாள் அழைப்பு இது. மஸ்கட்டிலிருந்து தெற்கே சலாலா வரை, உள்நாட்டு நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் கடலை ஒட்டியே போவது, விடுதி எதிலும் தங்காமல் ஆளில்லாத கரைகளில் கூடாரம் அடித்துக்கொள்வது என்பதே திட்டம். சென்னிமலையில் தறி வைத்திருக்கும் நண்பரும் சேர்ந்துகொண்டார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கடலைக் கொந்தளிக்க வைக்கும், கோடையிலோ மணலில் கால் வைக்க முடியாது. ஆகவே நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட மாதங்களே கூடாரத்துக்கு ஏற்றவை.

பெட்டியில் இருந்தவற்றுள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, கூடாரத்துக்குள் விரிக்க ஒரு பவானி ஜமக்காளம். மற்றொன்று, துவைத்து மடித்த பன்னிரண்டு யூரியா சாக்குகள். பின்னது நண்பரின் யோசனை. கூடாரத்தோடு வரும் இரும்பு முளைகள் மணலில் நிற்காது என்பதால், சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது என்று அவர் சொன்னார். கோவை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அலுவலர், அந்தச் சாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சார்ஜா வழியாக மஸ்கட் வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

இரண்டாம் நாள்: மஸ்கட், ஃபின்ஸ்

வாடகைக்கு எடுத்த நான்கு சக்கர உந்துதல் வண்டியில் காலையிலேயே புறப்பட்டோம். சூர் நகரம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர், வழவழப்பான விரைவுச் சாலை. ஒரு பக்கம் சாம்பல் நிற மலைகள் செங்குத்தாக நிற்க, மறு பக்கம் சுண்ணாம்புப் பாறைப் படிகள் கடலுக்குள் இறங்குகின்றன. பயிர் பச்சை கண்ணில் படாத இந்தக் கரையில், பாறைகளுக்கு நடுவே கையகலம் கையகலமாக வெள்ளை மணல் ஒதுங்கிக் கிடக்கும் குடாக்களே கூடாரக்காரர்களின் குறி.

ஃபின்ஸ் அருகே உள்ள வெண்மணல் கரை பெயர் பெற்றது. ஆனால் வெள்ளியும் சனியும் இந்த நாட்டில் விடுமுறை என்பதை மச்சினன் நினைவில் வைக்கத் தவறியதால், நாங்கள் போனபோது அங்கே நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கூட்டம் இருந்தது. கைபேசியில் இறக்கி வைத்திருந்த செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பாறை மூக்கு ஒன்றின் தென்புறத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். அலையைப் பாறை தடுத்தால் அதன் மறைவில்தான் மணல் சேரும். மண்பாதை முடிந்த இடத்தில் வண்டியை விட்டு, சாமான்களைச் சுமந்து இறங்கினோம்.

அதற்குச் சற்றுத் தள்ளி, இதைவிடப் பரந்த சமமான இடம் ஒன்றும் இருந்தது. நண்பர் அங்கேதான் கூடாரம் அடிக்க விரும்பினார். அது ஒரு வாடியின் வாய். மழை பெய்தால் மட்டும் நீர் ஓடும் ஓடையை இங்கே வாடி என்கிறார்கள். நமக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மலையில் எங்கோ பெய்த மழை ஒரு மணி நேரத்தில் உருட்டிக்கொண்டு வந்துவிடும். 2007 ஜூனில் கோனு புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது வாடிகளில் வந்த வெள்ளம் சாலைகளை அடித்துச் சென்றதை மச்சினன் சொன்னார். கரையில் கிடந்த கூழாங்கற்கள் பூசணிக்காய் அளவில் இருந்ததைப் பார்த்த பிறகு நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை.

இரவு அரிசியும் பருப்பும் சாதம். ஒரே பாத்திரத்தில் ஆகிவிடும் இந்த உணவைக் கண்டுபிடித்த நம் முன்னோர் கூடாரவாசிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: ராஸ் அல் ஹத், அல் அஷ்கரா

அரபுத் தீபகற்பத்தின் கிழக்குக் கோடியில் இருப்பது ராஸ் அல் ஹத். ஓமன் வளைகுடா முடிந்து அரபிக் கடல் தொடங்குவது இங்கேதான். பச்சை ஆமைகள் ஆண்டு முழுவதும் வந்து முட்டையிடும் ராஸ் அல் ஜின்ஸ் கரை 1996 முதல் காப்பகமாக உள்ளது. வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம், கூடாரம் அடிக்கக் கூடாது. காப்பக எல்லைக்கு வெளியேயும் ஆமைகள் ஏறும் கரைகள் உண்டு. அங்கே தடுப்பார் எவருமில்லைதான். ஆனால் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை வைத்தே கடலின் திசையை அறிகின்றன என்பதால், நம் விளக்கு ஒன்றே அவற்றைத் தரைப்பக்கம் நடக்க வைத்துவிடும். அந்தப் பகுதி முழுவதையும் நிற்காமல் கடந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

அல் அஷ்கராவுக்குத் தெற்கே ஷர்கியா மணற்பரப்பு நேராகக் கடலில் வந்து முட்டுகிறது. அதற்குச் சற்று உள்ளே, மணலுக்கு நடுவே ஒரு மரத்தைப் பார்த்ததும் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சிறு சிறு இலைகள், வெடித்த பட்டை, கிளையில் முள். இவர்கள் காஃப் என்று சொல்லும் இது நம் வன்னி மரமேதான். கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலில் சுற்றி வந்து கும்பிடும் மரம், இங்கே ஒட்டகத்துக்கு நிழல் தந்துகொண்டு நிற்கிறது. வேர் 30 மீட்டருக்கும் கீழே போய் நீரைத் தேடும் என்பார்கள். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விறகுக்காக இதில் கை வைக்கக் கூடாது. விறகை மூட்டையாக வாங்கி வண்டியில் ஏற்றிக்கொள்வதே முறை.

கூடாரம் ஒரு மணல்மேட்டின் பின்புறம். யூரியா சாக்குகள் முதன்முறையாகப் புதைக்கப்பட்டன.

நான்காம் நாள்: பர் அல் ஹிக்மான்

இன்று நடந்ததை எழுத எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பர் அல் ஹிக்மான் என்பது மசீரா தீவுக்கு எதிரே கடலுக்குள் நீண்டிருக்கும் தட்டையான நிலம். நீர் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளிப்படும்; அதில் இரை பொறுக்க வடக்கிலிருந்து லட்சக்கணக்கான கரைப்பறவைகள் குளிர்காலத்தில் வந்து இறங்குகின்றன. பூநாரைக் கூட்டம் ஒன்றைத் தொலைவில் கண்டு, அதை நோக்கிச் சாலையை விட்டு இறங்கினோம். தரை சமையலறைத் தளம்போல் சமமாக இருந்தது. ஏறத்தாழ 800 மீட்டர் போயிருப்போம், வண்டியின் பின்பகுதி மெல்ல அமர்ந்தது. மச்சினன் முடுக்க முடுக்க அது இன்னும் அமர்ந்து, அச்சு தரையைத் தொட்டுவிட்டது.

இந்த நிலத்துக்கு இங்கே சப்கா என்று பெயர். கடல்நீர் அடியிலிருந்து ஊறி மேலே ஆவியாகிப் போக, உப்பும் ஜிப்சமும் சேர்ந்து ஒரு பொருக்காகக் காய்ந்திருக்கும். அந்தப் பொருக்கின் கனம் சில இடங்களில் ஓர் அங்குலம் மட்டுமே. அதன்கீழ் வெண்ணெய்போல் சேறு. களர் நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லும் குடும்பத்தில் பிறந்தவன் நான். வெளுத்துக் காய்ந்த தரைக்கும், லேசாகக் கறுத்து மினுமினுக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரிந்தும், பறவையைப் பார்த்துக்கொண்டு வந்ததால் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, வண்டியைத் தூக்கும் ஜாக்கி இருந்தது, அதைச் சுழற்றும் கைப்பிடி இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர் எல்லாம் சரியாக இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நாங்களும் திறந்து பார்க்காமல் போட்டுக் கொடுத்திருந்தோம்.

இரண்டு மணி நேரம் கழித்து, தொலைவில் போன பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் நாங்கள் ஆட்டிய துண்டைப் பார்த்து வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த பெதுவின், அதாவது பாலைவன அரபு நாடோடி இனத்தவர். எங்கள் அருகே வராமல், பழைய சக்கரத் தடத்திலேயே 50 மீட்டர் தள்ளி நிறுத்திக்கொண்டு நடந்து வந்தார். முதலில் எங்கள் நான்கு சக்கரங்களிலும் காற்றை இறக்கினார். தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்திருந்ததை நாங்கள் மணலுக்காக 18 ஆக்கியிருந்தோம். அவர் 12 வரை இறக்கினார். பிறகு கையாலேயே சக்கரத்தின் முன்னால் சாய்வாக மண்ணை வாரிவிட்டு, கீழே போட ஏதாவது உண்டா என்று கேட்டார். நண்பர் ஒன்றும் பேசாமல் யூரியா சாக்குகளைக் கொண்டுவந்து விரித்தார். பிக்கப்பிலிருந்து கயிறு கட்டி இழுக்க, மூன்றாம் முயற்சியில் வண்டி வெளியே வந்தது. பணம் கொடுக்கப் போன மச்சினனின் கையைத் தள்ளிவிட்டு, குடுவையிலிருந்து கஹ்வா என்னும் அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் எங்களுக்குக் கொடுத்தார். போகும்போது அவர் சொன்னதை மச்சினன் மொழிபெயர்த்தார்: "சப்காவில் குறுக்கு வழி கிடையாது, முன்னால் போனவன் தடத்திலேயே போங்கள்."

இன்று அமாவாசை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி முழங்கால் ஆழ நீரில் உட்கார்ந்து முழுக்குப் போட்டேன். அதற்குமேல் ஆழம் வேண்டுமென்றால் இங்கே அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: அல் கலூஃப்

சர்க்கரைக் குன்றுகள் என்று பயணிகள் பெயர் வைத்திருக்கும் வெண்மணல் மேடுகள் கலூஃப் கிராமத்துக்குத் தெற்கே உள்ளன. சிப்பியும் சங்கும் பொடிந்து உண்டான மணல் என்பதால் அந்த வெண்மை. அங்கே போகும் வழி கடற்கரையேதான். நீர் இறங்கியிருக்கும்போது ஈர மணல் கெட்டியாக இருக்கும், அதன்மேல் ஓட்டலாம். அமாவாசை கழிந்து ஓரிரு நாளில்தான் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும், அமாவாசை அன்றே வருவதில்லை என்பதை ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதால், ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கடந்துவிட்டோம். மாலையில் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் வந்த வழி முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. இனி இரவுவரை வெளியே போக முடியாது என்கிற எண்ணம் ஒருவகை நிம்மதியையும் தந்தது.

கூடாரத்தை எவ்வளவு உயரத்தில் அடிப்பது என்பதற்கு நண்டுகள் உதவின. பேய்நண்டு என்கிற கரைநண்டு, வளை தோண்டும் மணலைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய், ஒரு சாண் உயரக் கூம்பாகக் குவித்து வைக்கிறது. ஏற்ற நீர் தொட்டால் கூம்பு கரைந்துவிடும். ஆகவே முனை மழுங்கிய கூம்புகள் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, பாசியும் குப்பையும் ஒதுங்கிய பழைய கோட்டுக்கும் மேலே பத்து அடி ஏறிக் கூடாரம் அடித்தோம். இரவில் எழுந்து விளக்கடித்துப் பார்த்தேன். நீர் ஆறடி தள்ளி நின்று திரும்பியது.

விடியற்காலையில் கூடாரத் துணியிலிருந்து மழைபோல் பனிநீர் சொட்டியது. பாலைவனக் கரை என்பதால் உலர்ந்திருக்கும் என்று நினைத்து வெளியே போட்டிருந்த துண்டுகளைப் பிழிந்து எடுத்தோம்.

ஆறாம் நாள்: துக்ம், ராஸ் மத்ரகா

துக்மில் பெரிய துறைமுகமும் தொழிற்பேட்டையும். பெட்ரோல், குடிநீர், ஜாக்கிக்குக் கைப்பிடி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு நிற்காமல் கிளம்பினோம்.

ராஸ் மத்ரகா இந்தப் பயணத்தின் அழகான இடம். கடலடித் தரையாக இருந்து மேலேறி வந்த கரும்பாறைகள், அவற்றுக்கு நடுவே பால்வெள்ளை மணல். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு மறைவாக ஒரு குடா கிடைத்துவிடும். மீனவர்களிடம் ஒரு வஞ்சிரத்தை வாங்கி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கரியில் வாட்டினோம். நண்பர் தை மாதம் முழுவதும் பழனிக்கு விரதம். அவருக்கு மறுபடியும் அரிசியும் பருப்பும்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவப் போன மச்சினன், "மாமா, இங்க வந்து பாருங்க" என்று கத்தினார். அவர் கை வைத்த இடமெல்லாம் தண்ணீர் நீலப் பச்சையாக ஒளிர்ந்தது. பிறை எப்போதோ மறைந்துவிட்ட இருட்டில், ஒவ்வொரு அலையும் உடையும்போது கரை நெடுக ஒரு கோடு பற்றி எரிந்து அணைந்தது. நாக்டிலூக்கா என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிரி, குளிர்காலத்தில் அரபிக் கடலில் பெருமளவில் பெருகுவதால் ஏற்படும் ஒளி இது. ஈர மணலில் நடந்தால் காலடியும் ஒளிர்ந்தது. நண்பர் நெடுநேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஏழாம் நாள்: ஷுவைமியா

காலை முதல் 300 கிலோமீட்டருக்கு மேல் வெறும் சரளைச் சமவெளி. பிறகு திடீரென்று மலை ஒன்று பிளந்து, கீழே ஷுவைமியாவின் நீண்ட வெண்கரை தெரிந்தது. பின்னணியில் செங்குத்துப் பாறைச் சுவர், அதற்கு நடுவே அகன்ற வாடி. இரண்டாம் நாள் கற்ற பாடத்தின்படி வாடியின் தடத்தைத் தவிர்த்து, ஒரு பக்கமாக உயரத்தில், கடலைப் பார்த்தவாறு கூடாரம் அடித்தோம். வெள்ளத்துக்குப் பயந்த நான் காற்றை மறந்துவிட்டேன்.

இரவு ஒரு மணிக்குப் பின் தரைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. குளிர்காலத்தில் பாலைவனத்திலிருந்து இந்தக் கரைக்கு இறங்கும் வறண்ட வடகாற்றை பலாத் என்கிறார்கள். அகன்ற சமவெளியில் பரவி வரும் காற்று, மலையில் ஓர் இடைவெளி கிடைத்தால் அதற்குள் நெருங்கிப் புகுந்து வேகமெடுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் ஓடு பறப்பதையும், அந்தக் காற்றை நம்பி எங்கள் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதையும் பார்த்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் போகலாமா? மணல், துணி முழுவதும் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் அடித்தது. ஒரு கம்பி வளைந்தது. கூடாரத்தைப் படுக்க வைத்து அதன்மேல் நாங்களே உட்கார்ந்திருந்தோம். புதைத்த சாக்குகளில் ஒன்றுகூட அசையவில்லை என்பதை நண்பர் இருட்டில் மூன்று முறை நினைவூட்டினார்.

எட்டாம் நாள்: ஹாசிக், மிர்பாத், கோர் ரோரி

தூக்கமில்லாத கண்ணோடு மலைக்கும் கடலுக்கும் நடுவே வெட்டிய சாலையில் ஹாசிக் வந்து, மிர்பாத்தை அடைந்தோம். கரையில் மத்தி மீனை வெயிலில் பரப்பியிருந்தார்கள். காய்ந்ததும் ஒட்டகத்துக்கும் மாட்டுக்கும் தீவனம். கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் மேயும் எங்கள் காங்கயம் மாடுகளிடம் இதைச் சொன்னால் நம்பாது. மலைச்சரிவின் வறண்ட பக்கத்தில், காகிதம்போல் பட்டை உரியும் குள்ளமான சாம்பிராணி மரங்கள் நின்றன. கீறிய இடத்தில் பால் துளிகள் மணியாக உறைந்திருந்தன.

பகல் முழுவதையும் கோர் ரோரியில் கழித்தோம். கழிமுகத்தைப் பார்த்த மேட்டில், சும்ஹுரம் என்னும் பழைய சாம்பிராணித் துறைமுகத்தின் கல்சுவர்கள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். இங்கே 2006இல் இத்தாலிய அகழாய்வுக் குழுவினர் கண்டெடுத்த பானை ஓடு ஒன்றில், தமிழ் பிராமி எழுத்தில் 'ணந்தை கீரன்' என்ற பெயர் இருந்தது. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். நொய்யல் கரையில் கல்மணி பட்டை தீட்டிய கொடுமணல், எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். அங்கும் இதே எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. கீரன் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல வழியில்லை. ஆனால் கழிமுகத்தை மணல்திட்டு அடைத்திருப்பதைப் பார்த்தபோது, அவர் வந்த காலத்தில் கலம் எங்கே நின்றிருக்கும், காற்று திரும்பும்வரை எங்கே படுத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. வேலிக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. மிர்பாத் பக்கமாகத் திரும்பி, பாறை மறைவும் ஏற்றக் கோடும் மலை இடைவெளியும் மூன்றையும் சரிபார்த்த பிறகே சாக்குகளைப் புதைத்தோம். நன்றாகத் தூங்கினோம்.

ஒன்பதாம் நாள்: சலாலா

சாலையோரம் தென்னையும் வாழையும் வந்துவிட்டன. இளநீர்க் கடையில் நண்பர் ஒரு காயைக் குடித்துவிட்டு, பொள்ளாச்சிக் காய்க்கு ஈடில்லை என்று தீர்ப்புச் சொல்லி இரண்டாவதையும் வாங்கினார். பெட்ரோல் நிலையத்தில் சக்கரக் காற்றை 35க்கு ஏற்றி, வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். ஜாக்கிக்குப் புதிதாக ஒரு கைப்பிடி இருப்பதை வாங்கிக்கொண்டவர் கவனிக்கவில்லை. விடுதிக் குளியலறையில் நண்பர் சாக்குகளை அலசிக்கொண்டிருக்கிறார். சப்காவில் விரித்தவற்றுள் இரண்டு கிழிந்துவிட்டன; மீதி பத்து.